மூச்சுத் துளை

பெட்ரோலை மோந்து பார்ப்பது என் பழக்கம், ஐயா. எந்த போட் என் பட்டறைக்கு வந்தாலும் முதலில் டேங்க் மூடியைத் திறந்து மூக்கை நீட்டுவேன். பழைய பெட்ரோலாக இருந்தால் வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். மற்ற மெக்கானிக்குகள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். என் மகளும் சிரிப்பாள். "அப்பா மோந்து பாத்தே எஞ்சினுக்கு ஜோசியம் சொல்லிடுவாரு" என்பாள். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எல்லாமே அந்த மூடியில்தான் இருக்கிறது.

பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையை நீங்கள் சந்தேகப்படுவது எனக்குத் தெரியும். எஞ்சின் திரும்பத் திரும்ப நின்ற போட்டில் மனைவியை ஏன் ஏற்றினாய் என்று கேட்கிறீர்கள். அவரும் "என் தப்புதான்" என்று தலையில் அடித்துக்கொள்கிறார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அவர் பொறுமைசாலி. எனக்கு அவரைப் பிடிக்கும்.

மகள் கல்யாணமாகி எதிர்க்கரைக்குப் போனாள். என் மனைவி போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் நானும் ரேடியோவும்தான். சனிக்கிழமை இருவரும் போட்டில் வருவார்கள், சாப்பிடுவார்கள், ஞாயிறு மத்தியானம் புறப்பட்டுவிடுவார்கள். கிளம்புவதற்கு முன் துறையில் வைத்து நான்தான் டேங்கை நிரப்பிக் கொடுப்பேன். அப்பன் செய்கிற சீர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை எஞ்சின் நின்றது தற்செயல். போட்டின் பக்கவாட்டில், டேங்குக்குக் காற்று போக ஒரு சின்னத் துளை உண்டு. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும், வராவிட்டால் பெட்ரோல் எஞ்சினுக்கு ஏறாது. அதில் ஏதோ பூச்சி மண்ணால் கூடு கட்டிவிட்டது. பாதி வழியில் எஞ்சின் திணறி நின்றது. போன் வந்தது. என் படகில் போய்க் கயிறு கட்டி இழுத்துவந்தேன். மூடியைத் திறந்து மோந்தேன், காற்று உள்ளே போனது, எஞ்சின் உடனே பிடித்தது. ஆனால் அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டதால் தங்கிவிட்டார்கள். மகள் சமையல்கட்டில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டே பாடினாள். எனக்கு வயிறும் மனசும் நிறைந்துபோனது.

துளையைச் சுத்தம் செய்தேன். அடுத்த சில வாரங்கள் போட் ஒழுங்காகப் போனது. அவளும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தாள். பிறகுதான் மெழுகு.

உங்கள் மேசைமேல் இருக்கிறதே, அந்தத் துண்டுதான். மெழுகுவர்த்தியைக் கையில் உருட்டி இளக்கினால் விரலாலேயே துளைக்குள் திணித்துவிடலாம். டேங்கை நிரப்பியதும் திணிப்பேன். இழுத்துவந்த பிறகு ஒரு கம்பியால் எடுத்துவிடுவேன். எல்லா வாரமும் செய்யவில்லை. நான் பேராசைக்காரன் அல்ல. அவளைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று தோன்றும்போது மட்டும், அதுவும் தண்ணீர் தூங்குகிற நாளாகப் பார்த்துத்தான்.

மாப்பிள்ளை பாவம், எதையெல்லாமோ மாற்றினார். பிளக், பில்டர், பம்ப். பெட்ரோல் குழாயின் நடுவே இருக்கும் ரப்பர் குமிழ் காற்றில்லாமல் சப்பிப்போய்க் கிடக்கும். அது கெட்டுவிட்டது என்று புதிது வாங்கிப் போட்டார். நான் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று கவனித்து, நான் தொடுவதையெல்லாம் அவரும் தொட்டுப் பார்ப்பார். மூடியை மட்டும் திறக்கமாட்டார். மோந்து பார்ப்பது கிழவனின் கிறுக்கு என்று நினைத்துவிட்டார். "உங்க வீட்டை விட்டுக் கிளம்பினாத்தான் மாமா இதுக்கு மூச்சு முட்டுது" என்று ஒருநாள் கேலி செய்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

போன ஞாயிறு சாப்பாட்டின்போது மகள் அவரை முழங்கையால் இடித்தாள். அவர் தொண்டையைச் செருமினார்.

"மாமா, போட்டை வித்துடலாம்னு இருக்கோம். இந்த எஞ்சினோட இனிமே மல்லுக்கட்ட முடியாது. உள்ளூர் வேலையே வேணாம்னு தூரத்துல ஒரு பஸ் கம்பெனியில பேசிட்டேன்."

"ரொம்ப தூரமா?" என்றேன்.

"ரயில்ல ஒரு ராத்திரிப்பா. வருஷத்துக்கு ஒருக்கா கண்டிப்பா வந்துருவோம்," என்றாள் மகள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

அன்று காற்று இருந்தது. துறையில் கட்டியிருந்த கொடி படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. காற்று அடிக்கிற நாளில் நான் அதைச் செய்ததில்லை. அன்று செய்தேன். மகள் போட்டில் ஏறி உட்கார்ந்து, "போதும்பா, டேங்க் வழிஞ்சிடப் போகுது" என்றாள்.

வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது.

"மாமா, நின்னுடுச்சு. நங்கூரம் பிடிக்க மாட்டேங்குது. பாறைப் பக்கம் இழுத்துட்டுப் போகுது. என்ன பண்றது, சீக்கிரம் சொல்லுங்க."

மூடியைத் திறந்து மூடுங்கள் என்று சொன்னால் போதும். பச்சைக் குழந்தைகூடச் செய்துவிடும். வார்த்தை நாக்கு நுனியில் இருந்தது, ஐயா. ஆனால் சொன்னால் எஞ்சின் பிடித்துவிடும். போய்விடுவார்கள். இவ்வளவு நாளாக இதை ஏன் சொல்லவில்லை என்ற கேள்வியும் வரும்.

"எதையும் தொடாதீங்க மாப்பிள்ளை. நான் வரேன்," என்றேன்.

போனில் அவருக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் கேட்டது: "பயப்படாதீங்க, அப்பா வந்துருவாரு."

உடனே கிளம்பவில்லை என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னது உண்மைதான். உலையில் இரண்டு பிடி அரிசி கூடுதலாகப் போட்டேன். அவள் அறையில் படுக்கையைத் தட்டி விரித்து, தலையணைக்குத் துவைத்த உறை மாட்டினேன். வந்ததும் களைப்பாக இருப்பாள் அல்லவா. பிறகுதான் கயிற்றை எடுத்துக்கொண்டு படகுக்குப் போனேன்.

நான் பார்க்கும்போது போட் கவிழ்ந்து கிடந்தது. மாப்பிள்ளை பாறையைப் பிடித்துக்கொண்டு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளுக்குப் பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்கவில்லை. நான்தான் அவளைத் தண்ணீரிலிருந்து தூக்கினேன். என் நெஞ்சு அப்போதே வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை.

துளையை அடைத்தது நான். வழி தெரிந்தும் சொல்லாமல் இருந்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், மாப்பிள்ளையை அனுப்பிவிடுங்கள். அவளைக் கொல்ல நினைத்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், அது பொய். அவளை எதிர்க்கரைக்குக் கொண்டுவர வேண்டும் என்று மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் போனில் எவ்வளவோ கேட்டார்கள். காற்று நிற்கவில்லை, எந்தப் படகும் கிளம்பவில்லை. நான் விரித்து வைத்த படுக்கையில்தான் அவளைக் கிடத்தினோம். அன்றைக்கும் அவள் என் வீட்டில்தான் தங்கினாள்.