சிவப்பு மூடி, வெள்ளை மூடி

ஒரு கைக்கு மட்டும் மருந்து தடவுவது எவ்வளவு கடினம் என்று யாரும் யோசிப்பதில்லை. வீட்டில் செய்து பாருங்கள். வலது கைக்குப் போட இடது கை வேண்டும், இடது கைக்குப் போட வலது கை வேண்டும். போட்டு முடிந்ததும் இரண்டும் தாமாகவே ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். எங்கள் ஆராய்ச்சி கெட்டது அங்கேதான் ஐயா. நான் அதைச் சரிசெய்தேன்.

கொஞ்சம் எழுந்து நிற்கிறேன். ஒரே இடத்தில் உட்கார எனக்கு வராது. பார்மசிப் படிப்பை இரண்டாம் வருடத்தில் விட்டதும் அதனால்தான். பிறகு பாட்டில் கம்பெனியில் நான்கு வருடம் நைட் ஷிப்ட். 2006இல் டாக்டர் சிவசங்கரி என்னை உதவியாளராக எடுத்துக்கொண்டார். மீன் வெட்டும் பெண்களுக்குக் கையில் கரப்பான் என்கிற தோல் நோய் வருகிறது. ஏன் வருகிறது, எப்படித் தடுப்பது, எது ஆற்றும் என்பதுதான் ஆராய்ச்சி.

குருசுக்குப்பத்தில் பதினொரு பெண்கள் என் பொறுப்பு. வாராவாரம் போய்க் கைகளைப் படம் எடுத்து வர வேண்டும். ஒவ்வொருவருக்கும் இரண்டு டப்பா. சிவப்பு மூடி இடது கைக்கு, வெள்ளை மூடி வலது கைக்கு. ஒன்றில் புது மருந்து, மற்றதில் வெறும் களிம்பு. எதில் எது என்பது டாக்டருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் பார்க்கிற கண் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பார். விடை ஒரு ஒட்டிய உறைக்குள், பீரோவில் இருந்தது.

எனக்குத் தெரிந்துவிட்டது. பள்ளி நாளிலிருந்து என் முழங்கையில் ஒரு கரப்பான் உண்டு. முதல் வாரமே மிச்சமிருந்த சிவப்பு டப்பா ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டே நாளில் அரிப்பு நின்றது. வெள்ளையைப் போட்டுப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை. சட்டைக் கையில் நீங்கள் பார்ப்பது பழைய களிம்புக் கறை.

ஆறாவது வாரம் எல்லாப் பெண்களுக்கும் இரண்டு கையும் ஒன்றுபோல ஆறிக்கொண்டு வந்தன. பெரிய மார்க்கெட்டுக்குப் போய், அந்தப் பதினொரு பேரில் ஒருவரான கன்னியம்மாள் அக்காவைக் கேட்டேன். அரிவாள்மணைக்கு முன்னால் உட்கார்ந்து சங்கரா மீனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"அக்கா, ஒரு டப்பா ஒரு கைக்குத்தான்னு சொன்னேன் இல்ல?"

"ஒத்தக் கையால ஓசை எழுப்பிக் காட்டு தம்பி, நானும் ஒத்தக் கைக்கு மருந்து போட்டுக்கறேன்."

பக்கத்தில் இருந்த பெண் சிரித்தார். "தம்பிக்கு இன்னும் கல்யாணம் ஆவல இல்ல, அதான் எல்லாத்தையும் ஒத்தையாவே யோசிக்குது."

நான் கோபப்படவில்லை. அக்காவுக்கு அந்த வலது கைதான் பிழைப்பு. இரண்டு மாதம் வராமல் போனால் அந்த இடத்தில் வேறொருத்தி அரிவாள்மணையைப் போட்டுவிடுவாள். அந்தப் பயத்தில்தான் ஆராய்ச்சிக்கே வந்தார்.

டாக்டர் படங்களைப் பார்த்துவிட்டு, "ரெண்டு கையும் ஒண்ணா இருந்தா நமக்கு ஒண்ணும் தெரியாது கோபிநாத். இன்னும் ஒரு மாசம் பார்ப்போம், இல்லன்னா மூடிடலாம்" என்றார்.

நான்கு நாள் தெருத்தெருவாக நடந்து யோசித்தேன். மருந்து வேலை செய்கிறது. இவர்கள் உரசிக்கொள்வதால் அது தெரியாமல் போகிறது. ஒழுங்காகத் தடவியிருந்தால் வலது கை ஆறியிருக்காது. ஆறக் கூடாத கையை ஆறாமல் வைப்பது பொய் இல்லை, திருத்தம்.

நாட்டு மருந்துக் கடையில் சேராங்கொட்டை வாங்கினேன். வண்ணார்கள் துணியில் குறி போடுவது அதில்தான். அதன் பால் பட்டால் தோல் வெந்துவிடும். வெள்ளை மூடி டப்பாக்களில் கலந்தேன். அளவாகத்தான். வெள்ளையை ஐஸ் குச்சியால் எடுத்துப் போடுங்கள், காயும்வரை இடது கை படக் கூடாது, பட்டால் எரியும் என்று சொன்னேன். எரியும் என்றதும் கவனமாக இருந்தார்கள். ஆறு வாரமாக நடக்காதது ஒரே நாளில் நடந்தது.

பத்துப் பேருக்கு வலது கை சிவந்து வெடித்தது. கரப்பான் திரும்பியதுபோலவே இருந்தது. படங்கள் நன்றாக வந்தன. கன்னியம்மாள் அக்காவுக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. அவருக்குச் சர்க்கரை உண்டு. படிவத்தில் நானே எழுதியிருக்கிறேன்.

"நெருப்புல வச்ச மாரி இருக்குது தம்பி. நிறுத்திடட்டா?"

"மருந்து வேலை செய்யறப்ப எரியத்தான்க்கா செய்யும். இப்ப நிறுத்தினா இத்தினி நாள் போட்டது வீணாயிடும்."

"இன்னாவோ, நீ படிச்ச பிள்ளை" என்றார். விரல் நுனிகள் கறுத்திருந்தன. அந்த வாரப் படத்தை நான் டாக்டரிடம் கொடுக்கவில்லை. மங்கலாக வந்திருந்தது.

பதினொரு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அவருடைய வலது கையை மணிக்கட்டுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். மார்க்கெட்டில் அவர் இடத்தில் இப்போது வேறொருத்தி உட்கார்கிறாள். போய்ப் பார்த்தேன். நன்றாக வெட்டுகிறாள்.

அதன் பிறகு உறையைப் பிரித்தார்கள். வெள்ளையில்தான் மருந்து என்று எழுதியிருந்தது. சிவப்பு வெறும் களிம்பாம். மருந்தே கையைத் தின்றுவிட்டது என்று முடிவு எழுதி ஆராய்ச்சியை மூடினார்கள். நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தது அதற்காகத்தான். மருந்தின் மேல் பழி விழக் கூடாது. கலந்தது நான். பதினொரு டப்பாவிலும். அக்காவின் டப்பா தீர்ந்தபோது இன்னொன்று கலந்து கொடுத்தேன். விரல் கறுத்த பிறகுதான் கொடுத்தேன். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: உறைக்குள் எழுதியவர் மாற்றி எழுதிவிட்டார். மருந்து சிவப்பில்தான் இருந்தது.

கையெழுத்துப் போடுகிறேன். வாசலில் போலீஸ்காரர் வாங்கி வைத்த என் பையில் ஒரு சிவப்பு மூடி டப்பா இருக்கிறது, அதை மட்டும் கொடுத்துவிடுங்கள். அரிப்பு நின்று ஒரு வருடம் ஆகிறது. ஆனாலும் மணிக்கு ஒருமுறை போட வேண்டியிருக்கிறது.