நல்ல தண்ணீர்

கடல் தண்ணீரில் மூழ்கிய இரும்பைக் காயவைக்கக் கூடாது. எல்லோரும் செய்கிற தப்பு அது. வெயில் வந்ததும் வண்டியை வெளியே தள்ளி, கதவுகளைத் திறந்து போட்டுவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்துவிடுவார்கள். காயக் காயத்தான் உப்பு தன் வேலையைத் தொடங்கும். ஈரம் போவதற்குள் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். ஒரு தரம் கழுவினால் போதாது. வழிந்து வருகிற தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கரிப்பு போகும்வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மேடம், நீங்கள் கேட்கிற கேள்விகளில் இது இல்லை. தொட்டியைப் பற்றிக் கேட்கிறீர்கள், சாவி யாரிடம் இருந்தது என்று கேட்கிறீர்கள். வண்டியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. வண்டி புரியாவிட்டால் மற்றது எதுவும் புரியாது.

என் பட்டறையில் மூன்று பழைய வண்டிகள் நின்றன. ஒன்று பல் டாக்டருடையது. இன்னொன்று, கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடுகிற ஒருவருடையது. மூன்றாவது என்னுடையது. என் அப்பாவை விட வயதில் பெரிய வண்டி. பழைய இரும்புக் கடையில் வெறும் எலும்புக்கூடாகக் கிடந்தது. பின் சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. அதை வீட்டுக்கு இழுத்து வந்தது எனக்குக் கல்யாணமான புதிதில். அன்றிலிருந்து என் மனைவி அதைச் சக்களத்தி என்றுதான் சொல்வாள். கிடைக்காத பாகங்களை நானே கடைந்து எடுத்தேன். கதவுக்குள் இருக்கும் மரச்சட்டத்தை இழைத்து இழைத்து என் கட்டைவிரலில் காய்ப்பு விழுந்துவிட்டது. கடைசிப் பூச்சு ஒன்றுதான் பாக்கி இருந்தது. அப்போதுதான் புயல் வந்தது.

கடல் தெருவுக்குள் நுழைந்து, ராத்திரி தங்கிவிட்டு, மறுநாள் மத்தியானம் திரும்பிப் போனது. விருந்தாளி மாதிரி. போகும்போது எல்லார் வீட்டுச் சாமானையும் இடம் மாற்றி வைத்துவிட்டுப் போனது. அடுத்த வீட்டுத் தையல்காரரின் மெத்தை என் பட்டறைக் கூரைமேல் கிடந்தது. அவருடைய மெஷின் ஒன்று சாக்கடையில் தலைகீழாக நின்றது. என் வண்டியில் ஸ்டியரிங் வரைக்கும் சேறு. மூடியைத் திறந்தபோது இன்ஜின் மேல் ஒரு மீன் செத்துக் கிடந்தது. நான் அதை எடுத்துப் போட்டுவிட்டு, வண்டியைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன். வேறொருவனாக இருந்தால் அழுதிருப்பான். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அந்த எரிச்சல் அடங்கவே இல்லை. அடங்க விடவில்லை. உப்பு ஒவ்வொரு மணிக்கும் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் வாசலில் எப்போதும் யாராவது நிற்பார்கள். விழுந்த மரத்தை இழுக்கச் சங்கிலி வேண்டும் என்பார்கள். சுவரை நிமிர்த்த ஜாக்கி வேண்டும் என்பார்கள். கடப்பாறை, மண்வெட்டி, கயிறு. பிளக் கழற்றும் ஸ்பானரைக்கூட ஒருத்தர் எதற்கோ வாங்கிப் போய்விட்டார். வாங்கிப் போனவர் யாரும் திருப்பித் தரவில்லை. தெருவைச் சுத்தம் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு என் பட்டறையைத்தான் சுத்தமாகத் துடைத்து எடுத்தார்கள்.

எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தது என் அக்கா. தன் வீட்டுக் கூரை போய்விட்டதால் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள்தான். அவளை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை எனக்கு. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தெருவில் இருந்த ஆம்பளைகளை எல்லாம் வேலை வாங்கிக்கொண்டிருந்தாள்.

“சங்கிலியக் குடுடா, மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. மனுஷங்களுக்கு அப்புறந்தான் வண்டி,” என்றாள்.

கொடுத்தேன்.

குழாய்த் தண்ணீர் நின்றுபோனதால், ஒருநாள் விட்டு ஒருநாள் லாரியில் குடிதண்ணீர் வரும் என்று சொன்னார்கள். பெரிய கறுப்புத் தொட்டி ஒன்றையும் கொடுத்தார்கள். எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது, அக்காதான் பட்டறை முற்றத்தைக் காட்டினாள். சிமெண்டுத் தரை, இரும்புக் கதவு, பூட்டு எல்லாம் இருந்தது. “சாவி என் தம்பிகிட்ட இருக்கட்டும். ஒரு சொட்டு வீணாக்க மாட்டான்,” என்றாள். எல்லோரும் தலையாட்டினார்கள். இந்தப் பொறுப்பை நானாகக் கேட்டு வாங்கவில்லை என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

காலையில் வீட்டுக்கு இரண்டு குடம், சாயங்காலம் இரண்டு குடம். நான் குழாயைத் திறந்துவிடுவேன். மத்தியானம் எல்லோரும் குப்பை அள்ளப் போய்விடுவார்கள். முற்றத்தில் நானும் தொட்டியும்தான். உள்ளே மூன்று வண்டிகள் உப்பில் ஊறிக்கொண்டிருந்தன. தொட்டியில் கண்ணாடி மாதிரி நல்ல தண்ணீர். நீங்கள் என் இடத்தில் இருந்து பார்க்க வேண்டும்.

முதலில் ஒரு வாளி. இன்ஜின் உள்ளுக்கு மட்டும். பிறகு பிரேக் டிரம். பிறகு கியர் பெட்டி. ஒன்றைக் கழுவினால் அடுத்தது கேட்கும். கதவு மரச்சட்டம் உப்பைக் குடித்து வைத்திருந்தது, அதற்கு ஊற்ற ஊற்றப் போதவில்லை. பல் டாக்டர் வண்டிக்கும் கல்யாண வண்டிக்கும் மேலாக ஒருதரம் தெளித்ததோடு சரி. நான் பேராசைக்காரன் இல்லை.

சாயங்கால வரிசையில் கடைசியில் நின்றவர்களுக்குத் தண்ணீர் இல்லாமல் போனது. சத்தம் போட்டார்கள். அக்கா தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, எங்காவது ஒழுகுகிறதா என்று தடவிப் பார்த்தாள். அவள் குனிந்து தடவியதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. தெருக்காரர்களுக்குக் குறையக் கூடாது என்றும் தோன்றியது. பட்டறைக்குப் பின்னால் எங்கள் கிணறு இருந்தது. மறுநாளிலிருந்து நான் எடுத்த அளவுக்கு அதிலிருந்து எடுத்துத் தொட்டியில் விட்டேன்.

கலப்படம் என்று நீங்கள் எழுதியிருப்பது இங்கிருந்தே தெரிகிறது. நிரப்பினேன் என்று எழுதலாம். நாங்கள் காலங்காலமாகக் குடித்த கிணறு அது. கடல் எல்லாவற்றுக்கும் மேலே போன மாதிரி அதற்கு மேலேயும் போனது, அவ்வளவுதான். அடியில் சேறு படிந்ததும் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது. புதுத் துணியில் வடிகட்டித்தான் ஊற்றினேன். பக்கத்தில் கழிவுக்குழி இருந்ததே, அது உடைந்தது தெரியாதா என்று கேட்டீர்கள். புயலுக்குப் பிறகு தெருவில் எது உடைந்தது, எது உடையவில்லை என்று யாருக்குத் தெரியும்?

தையல்காரர்தான் முதலில் கேட்டார். “அண்ணே, தண்ணி ஒரு மாதிரியா இருக்கே?”

“மருந்து போட்டு அனுப்புறாங்கப்பா. அப்படித்தான் இருக்கும்.”

அவர் நல்ல மனிதர். நான் சொன்னதை அவரே வரிசையில் நின்றவர்களுக்கு விளக்கிச் சொன்னார். இன்ஜினைத் தூக்கி வைக்க எனக்குத் தோள் கொடுத்தது அவர் ஒருத்தர்தான். அவருடைய பெண் குழந்தை, வாண்டு என்று கூப்பிடுவோம், அது என் வண்டியில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வாயாலேயே ஹாரன் அடிக்கும். சேற்றுக் காலோடு சீட்டில் ஏறும். நான் ஒன்றும் சொன்னதில்லை.

லாரி வந்ததும் எங்கள் வீட்டுக்கு ஒரு கேனில் தனியாகப் பிடித்து வைத்துவிடுவேன். அது ஒரு பழக்கம், வேறொன்றும் இல்லை. மனைவியும் நானும் அதிலிருந்து குடித்தோம். அக்கா மட்டும் கேட்கவில்லை. வரிசையில் நின்று, தன் சொம்பில் பிடித்துக் குடிப்பாள்.

“அக்கா, கேன்ல இருக்கு பாரு, அதக் குடி.”

“சாவி நம்மகிட்ட இருக்குன்னு தனியா எடுத்து வச்சுக்கறது அசிங்கமா இருக்குடா. ஊருக்கு ஒண்ணு நமக்கு ஒண்ணா?”

“சொன்னாக் கேளேன்.”

“நீ போய் உன் வேலையப் பாரு.”

சொம்பைத் தூக்கி மடமடவென்று குடித்தாள். வெயிலில் மண் அள்ளிவிட்டு வந்த தாகம். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் வற்புறுத்தினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். நான் போய் என் வேலையைப் பார்த்தேன்.

அந்த வாரத்தில்தான் இன்ஜின் உயிர் பெற்றது. கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். இருமியது, புகை கக்கியது, பிறகு பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டால் உங்களுக்குப் புரிந்திருக்கும். கடலுக்குள் கிடந்த இரும்பு அது. கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தேன். கையில் இருந்த எண்ணெயைத் துடைப்பதற்குள் தையல்காரர் ஓடி வந்தார். தோளில் வாண்டு, துணி மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணே, விடியக்காலைல இருந்து நிக்காமப் போகுதுண்ணே. வாயில வச்சது எதுவும் தங்கல. வண்டிச் சத்தம் கேட்டுச்சே, ஓடுதா? முகாம் ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு விட்டுடுங்கண்ணே.”

சாலையைப் பார்த்தேன். பட்டறை வாசலிலிருந்தே உப்புக் குட்டை. அதைத் தாண்டினால் முழங்கால் அளவு சேறு. இத்தனை நாள் கழுவியது எல்லாம் ஒரே ஓட்டத்தில் போய்விடும். பிரேக்கும் முழுதாக மாட்டவில்லை. பிரேக் இல்லாத வண்டியில் ஒரு குழந்தையை ஏற்றலாமா, நீங்களே சொல்லுங்கள்.

“சும்மா சுத்திப் பார்த்தேன். இன்னும் ஓடலப்பா,” என்றேன்.

அவர் இன்ஜின் மூடி மேல் கையை வைத்தார். சூடாக இருந்திருக்கும். என் முகத்தைப் பார்த்தார். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, சேற்றில் இறங்கி நடந்தார். நடந்து போய்ச் சேர முடியாத தூரம் ஒன்றும் இல்லை. ஆனால் குழந்தை சேரவில்லை.

அதன் பிறகு தெருவில் வீட்டுக்கு ஒருத்தராவது படுத்தார்கள். முகாம் டாக்டர் வந்து, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எதை வைத்துக் கொதிக்க வைப்பது? விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. என்னிடம் மண்ணெண்ணெய் இருந்தது, ஆனால் அதில் அப்போதுதான் கழற்றிய சக்கரத்துப் பேரிங்குகளை ஊறப் போட்டிருந்தேன்.

குழந்தை போன பிறகாவது ஏன் நிறுத்தவில்லை என்று நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். கியர் பெட்டியை மறுபடி பிரித்திருந்தேன், வேலை பாதியில் இருந்தது. பாதியில் விடுவது என்பது தொடங்காமல் இருப்பதை விட மோசம். பிரித்துப் போட்ட பற்சக்கரங்களில் காற்றுப் பட்டாலே துரு ஏறும். அதுவரை செலவழித்த தண்ணீர் முழுவதும் வீண் என்று ஆகிவிடும். அந்தக் குழந்தைக்கும் அது மரியாதை இல்லை.

அக்கா இரண்டு நாள் தாங்கினாள். முகாமில் கட்டில் இல்லை, தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். முகம் சுருங்கி, கண் உள்ளே போய், யாரோ மாதிரி இருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் கையைத் தேடிப் பிடித்தாள்.

“தொட்டியப் பூட்டிட்டு வந்தியாடா?”

“பூட்டிட்டேன்க்கா.”

“கடைசி வீட்டுக்காரிக்கு நேத்து கெடைக்கல. அவளுக்கு மொதல்ல ஊத்து.”

சரி என்றேன். ஊற்றவும் செய்தேன்.

செத்துப்போன மற்ற மூன்று பேரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவர்களோடு எனக்கு அவ்வளவாகப் பழக்கம் கிடையாது.

என் மனைவி கண்டுபிடித்தது எப்படி என்று அவளே உங்களிடம் சொல்லியிருப்பாள். அக்காவின் காரியமெல்லாம் முடிந்த மறுநாள், சொம்பைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் கையை நிறுத்திவிட்டு, “தெருவுல எல்லாருக்கும் வந்துச்சு. நமக்கு மட்டும் ஏங்க வரல?” என்றாள். அவள் கேனைப் பார்த்தாள். பிறகு பின்பக்கம் போய்க் கிணற்றடியைப் பார்த்தாள். ஈரக் கயிறு, வடிகட்டிய துணி, தொட்டி வரைக்கும் வாளி சிந்திய தடம். திரும்பி வந்து, ஆணியில் மாட்டியிருந்த என் சட்டையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு, சேற்றில் இறங்கி இந்த ஸ்டேஷனுக்கு நடந்து வந்துவிட்டாள். கத்தவில்லை, அழவில்லை, ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன். இத்தனை வருஷம் கூட இருந்தவளுக்கு அந்தப் பொறுமை இல்லாமல் போனதுதான் எனக்கு வருத்தம்.

நான் யாரையும் கொல்ல நினைக்கவில்லை, மேடம். அந்தத் தண்ணீரில் கெடுதல் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் டாக்டரா? கண்ணுக்குத் தெளிவாக இருந்தது, ஊற்றினேன். இதைத்தான் காலையிலிருந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பேனாவைக் கீழே வைத்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாக ஒன்று கேட்கிறீர்கள். “கிணத்துத் தண்ணி நல்லாத்தான் இருந்துச்சுன்னு சொல்றீங்க. அது பட்டறைக்குப் பின்னாடியேதான் இருந்துச்சு. அப்போ வண்டிய அதுலயே கழுவியிருக்கலாமே?”

இவ்வளவு நேரம் சொல்லியும் வண்டியைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே புரியவில்லை என்பது தெரிந்தபோது எனக்கு அலுத்துப் போய்விட்டது.

“அந்தத் தண்ணியையா மேடம்? உப்பு ஒரு பக்கம், கக்கூஸ் குழி உடைஞ்சு கலந்தது ஒரு பக்கம். செத்த பூனைய நானே வாளி விட்டு எடுத்தேன். அதக் கொண்டுபோய் என் வண்டி மேல ஊத்துவேனா?”