காலி சீசா வராதவங்க

போதும் சார், கை தட்டாதீங்க. எதிர் சீட்டுல போர்த்தினு படுத்துனு கீறவரு முழிச்சிக்கப் போறாரு. பங்காருபேட்டைல ஏறினதுலருந்து கார்டு குரல், கடலைக்காரம்மா குரல், எங்க கணக்கு வாத்தியார் குரல் எல்லாம் பண்ணிட்டேன். அந்த இருமலா? அதை விடுங்க.

இன்னா, சௌந்தரராஜன் சாருக்கு மாலை போடவா போறீங்க? அப்ப மடியில கீறது அவர் எழுதின புஸ்தகம்தானா. தெரியும் சார். அவர் எழுதினது ஒண்ணு அச்சானா, எங்க சுரங்க ஆஸ்பத்திரில மருந்து குடுக்கற ஜன்னலுக்கு மேல கண்ணாடி போட்டு மாட்டிடுவாரு. இப்ப சுவத்துல பல்லி ஓட எடமில்ல. நோயாளியும் மருந்தும். மருந்தும் சுரங்கத் தொழிலாளியும். சுரங்கத் தொழிலாளியும் இருமலும். ஒரே மாவை எத்தினி தோசைதான் ஊத்துவாரு.

அவர் குரல் வேணுமா? கழுத்தை இப்டி உள்ள இழுத்துக்கணும். ம்... நெக்ஸ்ட்... காலி சீசா எங்கே... கழுவினியா... மூணு வேளை... நெக்ஸ்ட். அவ்ளோதான். தலை நிமிராது. கம்பவுண்டர்னு கூப்ட்டா மட்டும் சடார்னு நிமிரும். நான் ஃபார்மசிஸ்ட். ரிசர்ச் பண்றவன்னுவாரு. ஒருநாள் க்யூ பின்னால ஒளிஞ்சினு அதே குரல்ல நெக்ஸ்ட்னேன். முன்னால நின்ன பர்னபாஸ் அண்ணன் மருந்து வாங்காமயே நகர்ந்துட்டாரு. அப்புறம் என்னைத் தொரத்தினாரு பாருங்க.

சிரிங்க. இனிமேதான் குமட்டும்.

எங்க ஊர்ல இருமல் மருந்தை சீசாவுல ஊத்திக் குடுப்பாங்க. தீர்ந்தா காலி சீசாவைக் குடுத்தாத்தான் மறு சீசா. அதுவும் சீக்காளியே நேர்ல எடுத்துனு வரணும். பொண்டாட்டி புள்ள கொண்டாந்தா செல்லாது. அந்தக் காலி சீசாதான் சார் அவரோட மொத்த ஆராய்ச்சியும். சீசா வந்தா இருமல் கீதுன்னு எழுதிக்குவாரு. வரலன்னா நின்னுபோச்சு, குணம். சுரங்கத்து ஆளுங்க குடியிருக்கற லைனுக்குள்ள வந்து ஒரு வீட்டைப் பாத்தாரா, ஒரு ஆளை எப்டி கீறன்னு கேட்டாரா? ஒண்ணும் கிடையாது.

சரியாத்தானே கீதுன்றீங்களா? படிச்சவங்களுக்கு அப்டித்தான் தோணும் போல.

பக்கத்து வீட்டு அப்பாதுரை மாமா. நெஞ்சு பூரா கல்லுத்தூசி. மோளம் அடிச்சி எடுத்துனு போனோம். சீசாவுல அத்தை மண்ணெண்ணெய் ஊத்தி வெச்சிக்கீறாங்க. சீசா வரல, மாமா குணம். கோவிந்தன் அண்ணன் மூச்சு வாங்குதுன்னு வேலையை விட்டுட்டு வேலூர் பக்கமே போய்ட்டாரு. அவரும் குணம். செத்தவன், ஓடினவன், எழுந்திருக்க முடியாதவன், அத்தினி பேரும் அந்தப் புஸ்தகத்துல சொகமா கீறாங்க. தூ. மன்னிச்சிக்குங்க, ஜன்னலுக்கு வெளியதான் துப்பினேன்.

நான் போய்க் கேட்டேன் சார். யார் குரல்லயும் இல்ல, என் சொந்தக் குரல்ல. அது எனக்கே புதுசா இருந்துச்சு. அப்பாதுரை மாமா செத்துட்டாரு சார், அவரைப் போய் குணம்னு போட்டுக்கீறீங்களேன்னேன். அதுக்கு இன்னா சொன்னாரு தெரியுமா. இருங்க, கழுத்தை இழுத்துக்கறேன். சாவு வேற டிபார்ட்மென்ட்டுப்பா. நெக்ஸ்ட்.

கடைசிப் பக்கம் புரட்டுங்க. ஒரே ஒரு ஆளைப் பத்தித் தனியா எழுதியிருப்பாரு. ஸ்கெலட்டன் லைன், பாறையில டிரில் அடிக்கிறவர், முழு குணம். பாத்தீங்களா? ராத்திரி நல்லாத் தூங்கறார்னு வேற போட்டுக்கீறாரு. அதை யார் சொன்னது, சீசாவா?

அந்த டிரில்காரரை இன்னிக்குக் காலைல பெங்களூருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்க. ஒரு படுக்கை குடுங்கன்னு கால்ல விழாத குறை. சின்ன வயசு டாக்டர். மேஜை மேல இதே புஸ்தகம். அவர் குரல் கொஞ்சம் மெத்துன்னு இருக்கும். உங்க ஊர் மருந்துலயே எல்லாருக்கும் குணமாகுதுன்னு உங்க ஆளே எழுதியிருக்காரே. இங்க எதுக்குப் படுக்கணும்? போய் அதையே குடிக்கச் சொல்லுங்க. அவ்ளோதான், அனுப்பிட்டாரு.

கோரமண்டல் ஸ்டேஷன் வந்துடுச்சு. அடுத்த ஸ்டேஷன்ல நீங்க எறங்கணும், பொட்டியை எடுத்துக்குங்க. மாலை நசுங்கப் போவுது, பாத்து.

இன்னா சார்? எல்லாத்தையும் விட அந்த இருமல்தான் அசலாட்டம் இருந்துச்சா? குரலைத் தூக்கி எதிர் சீட்டுல போட்டுட்டியேன்னு அதுக்குத்தானே கை தட்டினீங்க.

யார் குரல் வேணா பண்ணுவேன் சார். அது ஒண்ணு எனக்கு வராது. ஒருதரம் இருமிக் காட்டி மருந்து வாங்கப் பாத்தேன், ஜன்னல்ல கண்டுபுடிச்சிட்டாரு. போர்வைக்குள்ள படுத்துனு கீறது எங்க நைனா, அந்த டிரில்காரரு.

இந்தாங்க, இந்தச் சீசாவைப் புடிங்க. கழுவித்தான் வெச்சிக்கீறேன். நான் கொண்டுபோனா வாங்க மாட்டாரு. நீங்க மாலையோட சேர்த்துக் குடுத்தா வாங்குவாரு.