ஒரே கேட்டில் இரண்டு பூட்டு

இந்த மேடைக்குத் தலைமை தாங்கும் அண்ணன் சலாவுதீன் அவர்களே! வெயிலென்றும் பாராமல் வந்து அமர்ந்திருக்கும் பெரியவர்களே! கேட் பூட்டிக் கிடந்த பத்தொன்பது நாளும் அடுப்பு அணையாமல் காத்த எங்கள் தாய்மார்களே! துணி வெட்டும் தம்பிகளே, தைக்கும் தங்கைகளே! அத்தனை பேருக்கும் உங்கள் சங்கச் செயலாளர் செல்வக்குமாரின் வணக்கம்!

அப்பாடா! இன்றைக்குத்தான் மூச்சு விட்டுப் பேசுகிறேன்.

ரோமாபுரியிலே ஜானுஸ் என்றொரு தெய்வத்துக்குக் கோயில். போர் என்றால் அதன் கதவு திறந்தே கிடக்கும். அமைதி வந்தால்தான் சாத்துவார்கள். எழுநூறு ஆண்டுகளில் எத்தனை முறை சாத்தினார்கள், தெரியுமா? இரண்டே இரண்டு முறை! பிறகு வந்த பேரரசன் அகஸ்டஸ் காலத்தில் மூன்று முறை சாத்தினார்கள். அந்த அமைதியில்தான் கப்பல்கள் கடல் கடந்தன. நம் நொய்யல் கரைக்கும் ரோமர் காசு வந்தது. என்னங்க தம்பி, கொட்டாவியா? பொறுங்க, நம்ம கேட்டுக்கு வந்துட்டேன்!

அங்கே சாத்தினால் அமைதி. இங்கே சாத்தினால் போர்! வெள்ளகோவிலில் இருந்து வரும் பெண்களுக்கு பஸ் கேட்டோம். முதலாளி மகுடேஸ்வரன் கம்பெனி கேட்டை உள்பக்கம் பூட்டினார். வெளிப்பக்கம் நாங்கள் ஒரு பூட்டுப் போட்டோம். மூன்று நாள் முன்பு பஸ்ஸுக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்தும் ஆயிற்று. கேட் திறந்ததா? இல்லை! முதலில் திறப்பது யார்? அவருக்கும் வீம்பு, எனக்கும் வீம்பு. உள்ளே தைத்து வைத்த சரக்கு நேற்று மாலைக்குள் லாரி ஏறாவிட்டால் ஆர்டர் போய்விடும், முந்நூறு பேர் வேலை போய்விடும். தெரிந்தும் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றவன் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

நேற்றுக் காலை, செக்கிங்கில் வேலை பார்க்கும் சைதுன்னிசா அக்கா நேரே வந்து கேட்டார்: "ஏனுங்க தம்பி, யாரு மொதல்ல தொறந்தாங்கன்னா ஊட்டுல கேக்கப்போறாங்க? நாளைக்கு வேல இருக்குதான்னுதானுங்க கேப்பாங்க!"

போனேன். என் பூட்டைத் திறந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் முதலாளி, கையில் சாவியோடு! "விடிஞ்சதுல இருந்து இங்கதானுங்க நிக்கறேன். நீங்க வரமாட்டீங்களோன்னு பயந்துட்டனுங்க" என்றார். உடனே தன் பூட்டையும் திறந்தார்.

தோழர்களே! ரோமர் கண்டது வாள் தந்த அமைதி. தோற்றவன் வாய் திறக்க முடியாத அமைதி! அதுவா நமக்கு வேண்டும்? வேண்டாம்! கேட்க வேண்டியதைக் கேட்டு, கிடைத்த பின் கைகொடுக்கும் அமைதி வேண்டும்! "செல்வக்குமார்தான் முதலில் திறந்தான், தோற்றுவிட்டான்" என்று டீக்கடையில் பேசுகிறார்களாம். பேசட்டும்! நேற்று லாரி கிளம்பியது. இன்று காலை வெள்ளகோவில் பஸ்ஸில் நாற்பது பெண்கள் வந்து இறங்கினார்கள். இதுதான் தோல்வி என்றால், நாளைக்கும் தோற்பேன், மறுநாளும் தோற்பேன்!

இவ்வளவு நேரம் காதுகொடுத்த உங்களுக்கு நெஞ்சார்ந்த நன்றி. போய் மெஷினில் உட்காருங்கள், கண்ணுகளா. வணக்கம்!