கிருஷ்ணவேணி தோற்ற வழக்கு

அவைக்கு அணிசேர்க்கும் தலைவர் நெடுஞ்செழியன் அவர்களே, அனுபவத்தால் உயர்ந்த பெரியோர்களே, அடுப்படி வேலையைத் தள்ளிவைத்து வந்திருக்கும் தாய்மார்களே, ஊர்சுற்றிக் காட்டும் தொழிலை உயிராய்க் கொண்ட தோழர்களே, திண்டிவனத்துத் திருமக்களே, தலைதாழ்ந்த வணக்கம்.

இன்று நம் சுற்றுலா நடத்துவோர் சங்கம் பொன்னாடை போர்த்தும் கிருஷ்ணவேணி யார்? ஒலக்கூர்ப் பக்கம் மல்லாட்டை என்று நாம் சொல்லும் நிலக்கடலைக் கொல்லையில் கூலிக்குக் களையெடுத்த குப்பம்மாளின் மகள். இரண்டு வேன்களின் உரிமையாளர். எதற்கு இந்தப் பொன்னாடை? வழக்கில் வென்றதற்கா? இல்லை. தோற்றதற்கு.

சிரிக்கிறீர்கள். கேளுங்கள்.

சென்ற தை மாதம், திருவக்கரைக் கோயில், கல்மரப் பூங்கா, பொம்மையார்பாளையத்தில் படகுச் சவாரி என்று நோட்டீஸ் அடித்தார். முப்பது பேர் வந்தார்கள். கோயில் கண்டார்கள், கல்மரம் கண்டார்கள், கடற்கரை வந்தார்கள். அங்கே படகுக்காரர் துரைக்கண்ணு தயங்கினார்.

"இது மீன் புடிக்கப் பதிஞ்ச போட்டும்மா. டூரிஸ்ட்டை ஏத்தினா சட்டப்படி தப்பு. லைஃப் ஜாக்கெட்டும் இல்ல."

கடலோ குளம்போல் கிடந்தது. பக்கத்தில் வேறொரு வேனோடு நின்ற ஒருவர், "யாரு பாக்கப் போறாங்க? ஜல்தியா ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வந்துடுங்க" என்றார். அந்த ஒருவர், அவையோரே, அடியேன்தான்.

கிருஷ்ணவேணி என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பயணிகளிடம் போனார். "விசாரிக்காம நோட்டீஸ்ல போட்டது என் தப்புங்க. போட்ல ஏத்த மாட்டேன். விழுப்புரத்துல நுகர்வோர் கோர்ட் இருக்குது, என் மேல கேஸ் போடலாம்" என்றார். தன்மேல் வழக்குப் போட வழி சொன்ன முதலாளியை நான் அன்றுதான் பார்த்தேன்.

பயணிகளில் ஒருவரான சீனுவாசன் வழக்குப் போட்டார். "காத்து பலமா இருந்திச்சின்னு சொல்லிடலாம்மா" என்றார் கிருஷ்ணவேணியின் வக்கீல். "அடிக்காத காத்தை எப்படிங்க சொல்றது" என்று மறுத்துவிட்டார் இவர். பாதிக் கட்டணத்தைச் சீனுவாசனுக்குத் திருப்பித் தரச் சொன்னது தீர்ப்பு. முப்பது பேருக்கும் தந்தார். கைப்பணம் கரைந்ததில் ஒரு வேன் இரண்டு மாதம் ஓடாமல் நின்றது.

சீனுவாசனே திகைத்துப்போய், "எனக்கு மட்டும் குடுத்தா போதுமேம்மா" என்றார்.

"நோட்டீஸை எல்லாருக்கும்தானே சார் குடுத்தேன்."

சட்டம் நம் தொழிலைக் கட்டிப்போடும் கயிறு என்று இருபது ஆண்டுகள் முணுமுணுத்தவன் நான். முன்பின் தெரியாத முப்பது பேர் எதை நம்பி நம் வண்டியில் ஏறுகிறார்கள்? நம் சொல்லை நம்பி. அந்தச் சொல்லைக் காப்பதற்கல்லவா சட்டம்! அனுமதி உண்டா என்று கேட்டறியாமல் இனி ஒரு வரியும் அச்சடிப்பதில்லை என்று நம் சங்கம் தீர்மானம் போட்டிருக்கிறது. அதன் முதல் கையெழுத்து என்னுடையது.

கிருஷ்ணவேணி அம்மா, மேடைக்கு வாருங்கள். செவிகொடுத்த அனைவருக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. உங்கள் பயணங்கள் எல்லாம் நலமாக அமையட்டும். வணக்கம்.