வலது காலுக்குப் புது ரப்பர்

யாருக்குமே இரண்டு பாதமும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஷூ வாங்கும்போது பெரிய பாதத்துக்குப் பார்த்து வாங்குங்கள். சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். நம் ஓட்டக்காரர்கள் குழுவில் நான் இதுவரை எழுதியதெல்லாம் இந்த மாதிரி விஷயங்கள்தான். இன்றைக்கு வேறு ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வேலை உங்களில் பலருக்குத் தெரியும். மலைப்பாதையில் நாள் முழுக்க ஓடும் பந்தயங்களுக்கான ஷூவை, கடைக்கு வருவதற்கு முன்னால் போட்டு ஓடிப் பார்ப்பவன் நான். இரண்டு ரப்பரில் எது நல்லது என்று பார்க்க எங்களிடம் ஒரு வழி உண்டு. பார்வைக்கு ஒரே மாதிரி ஜோடி. அடியில் மட்டும் ஒரு காலுக்குப் பழைய ரப்பர், இன்னொரு காலுக்குப் புதுசு. ஒரே ஆள், ஒரே பாதை. வித்தியாசம் வந்தால் அது ரப்பரால்தான். எந்தக் காலில் எது என்று ஓடுகிறவரிடம் சொல்ல மாட்டோம். சொன்னால் கால் பயந்துபோய்ப் பார்த்துப் பார்த்து வைக்கும். ஆனால் சோதனை நடக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

இந்த வருஷம் வந்த புது ரப்பர் எல்லோருக்கும் பிடித்திருந்தது. எடையே இல்லை. சோதனை அறையில் ஈரக் கல்லைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம், பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. பிறகு ஒரு குளிர்ந்த காலை, மழை விட்டிருந்த நேரம், அதைப் போட்டுக்கொண்டு மலை இறக்கத்தில் ஓடினேன். ஒரு பாறையில் வழுக்கி விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான்.

"பழைய டயர் வழுக்கத்தான் செய்யும்" என்றார் தையல் பிரிவுக்காரர், என் நரையைப் பார்த்து. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

எங்கள் பிரிவுத் தலைவி சிரிக்கவில்லை. "அண்ணே, இத்தனை தடவை பாத்தாச்சு, ரப்பர் மேல தப்பு சொல்ல முடியாது. ஓடுறத சின்னப் பசங்க பாத்துக்கட்டும். நீங்க உள்ள வந்து உட்காருங்களேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் எனக்கு உறுத்தியது.

வழுக்கியது ரப்பரா, நானா? அந்தக் கேள்வி உள்ளே உட்கார்ந்துகொண்டது.

என் மனைவியின் தம்பி மின்கம்பம் ஏறுகிற வேலையில் இருந்தான். எங்கள் வீட்டில் அவனை மலையாடு என்றுதான் கூப்பிடுவோம். கால் தடுக்கி அவனை யாரும் பார்த்ததில்லை. நீங்கள் எல்லோரும் ஓடிய அதே பந்தயத்துக்கு அவனும் பெயர் கொடுத்திருந்தான். அவனுக்கு ஒரு ஜோடி தயார் செய்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். இடது காலுக்குப் பழைய ரப்பர். வலது காலுக்குப் புதுசு.

"மாமா, நெசமாவே எனக்கா? கடைக்கே இன்னும் வரலல்ல?"

"ஆமா மாப்ள. யார்கிட்டயும் காட்டாத."

"அக்கா, பாத்துக்க. உனக்கு ஒரு செருப்பு வாங்கித் தர மாட்டேங்கிறாரு. எனக்குன்னா கை தாராளமா நீளுது."

"நீ முதல்ல ஓடி முடிச்சுட்டு வா. என் செருப்புக்கு நான் சண்டை போட்டுக்கிறேன்" என்றாள் என் மனைவி.

அவன் போட்டுக்கொண்டு கூடத்தில் குதித்துப் பார்த்தான். பஞ்சு மாதிரி இருக்கு என்றான். "பந்தயம் வரைக்கும் ஈரத்துல போடாத மாப்ள, அடி கெட்டுடும்" என்று சொன்னேன். அக்கறையாக இருந்தது என் குரல், எனக்கே கேட்டது.

பந்தயத்தன்று நான் விழுந்த அதே பாறைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒன்று கிடக்க ஒன்று ஆனால் உதவிக்கு ஆள் வேண்டுமே என்று வீட்டில் சொல்லியிருந்தேன். முன்னால் வந்தவர்கள் யாரும் வழுக்கவில்லை. அவர்கள் போட்டிருந்தது வேறு ஷூ. பிறகு அவன் வந்தான். என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"மாமா, தண்ணி இருக்கா?"

"தீந்துடுச்சு மாப்ள. போ, போ, நல்லா போற."

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தேன். இடது கால் நின்றது. வலது கால் போனது. அவன் பாறை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தான். அவனிடம் இறங்கி ஓடுவதற்கு முன்னால் எனக்குள் வந்தது பயம் இல்லை, நிம்மதி. உண்மை அதுதான்.

இடுப்பும் முதுகெலும்பும். கோல் ஊன்றி நடக்கலாம் என்கிறார் டாக்டர். கம்பம் ஏறுவதெல்லாம் இனி இல்லை.

ஆஸ்பத்திரியில் அவன் கேட்டான். "மாமா, நீங்க பக்கத்துலதான நின்னீங்க. நான் காலைத் தப்பா வச்சேனா?"

"ஆமா மாப்ள. கொஞ்சம் அவசரப்பட்டுட்ட."

அதை அப்படியே நம்பினான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் தன் கால்தான் தப்பு செய்தது என்று சொல்கிறான். என் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டே அவனைத் திட்டுகிறாள்.

பிறகு அந்த ஜோடியை வேலையிடத்துக்குக் கொண்டுபோய் அவன் விழுந்ததைச் சொன்னேன், ஈரக் கல்லை ஐஸில் வைத்துவிட்டு ரப்பரைச் சோதிக்கச் சொன்னேன். வழுக்கியது. குளிரில் அந்த ரப்பர் இறுகிவிடுகிறது. "மன்னிச்சுக்கங்கண்ணே, உங்க கால் மேல தப்பே இல்ல" என்றாள் தலைவி. அந்த ஷூ இனி கடைக்கு வராது. உங்களில் எத்தனையோ பேர் தப்பித்தீர்கள். ஐஸ் யோசனை நான் விழுந்த மறுநாளே எனக்கு வந்தது. ஆனால் ரப்பர் மோசம் என்று மட்டும் காட்டினால், சின்ன வயசுக் காலாக இருந்தால் சமாளித்திருக்கும் என்பார்கள். அதற்கு ஒரு நல்ல கால் தேவைப்பட்டது.

இதை நான் சொல்லாமலே இருந்திருப்பேன். ஆனால் அந்தப் பாறைக்கு மேலே தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த பெண்தான் சிந்திவிட்டாள் என்று ஒரு வாரமாக இங்கே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். நேற்று உங்களில் யாரோ அவளுக்குப் போன் செய்து திட்டியிருக்கிறார். அவள் ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஓடுகிறவர்களுக்கு என்று நான் கேட்டேன், என் கேனை நிரப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

அன்றைக்குக் குளிர் இருந்தது, மழை இல்லை. பாறை காய்ந்து கிடந்தது. நான்தான் ஊற்றினேன். முதலில் ஊற்றியது காற்றில் காய்ந்துவிட்டது. அதனால் வளைவில் அவன் தலை தெரிந்ததும் மிச்சத்தையும் ஊற்றினேன்.

ஒன்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். எண்ணெயோ வேறு எதுவுமோ இல்லை, நான் ஊற்றியது குடிக்கிற தண்ணீர். மழை பெய்திருந்தாலும் அந்தப் பாறை அப்படித்தான் நனைந்திருக்கும்.