அஞ்சலைக்கு இட்ட இரண்டு மதிப்பெண்

கல்வராயன் மலையடிவாரத்து எங்கள் பள்ளியில் கணிதம் கற்பித்து இன்று பணிநிறைவு பெறும் ஆசிரியை திருமதி ஜன்னதுல் பிர்தௌஸ் அவர்களுக்கு, உடன் பணியாற்றியோர் உள்ளம் கொதித்து வாசித்தளிக்கும் மடல்

கரும்பலகையைக் கழனியாக்கிக் கணிதம் விளைவித்த கண்ணியமே! உளுந்தூர்பேட்டையில் பிறந்து, கள்ளக்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டு, மலைப்பக்கம் போகும் முதல் பேருந்தின் சன்னலோர இருக்கையை இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்ட அரசியே! வருக, அமர்க.

"பொறுமையின் பூங்காவே, சாந்தத்தின் சந்நிதியே" என்று தொடங்கும் மாதிரி ஒன்றை அச்சகத்தார் தந்தார்கள். யார் ஓய்வு பெற்றாலும் அதுதானாம், பெயரை மட்டும் மாற்றினால் போதுமாம். அதைக் குறுக்கே அடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். டீச்சருக்குப் பொறுமை கிடையாது என்பது அளவுகோலை மறந்துவிட்டு வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் தெரியும். இன்று எங்களுக்கும் பொறுமை இல்லை. அவர் புகழை அவரிடமே பேசினால் "போதுங்க, உக்காருங்க" என்று நிறுத்திவிடுவார். ஆகவே அவையோரே, உங்களிடம் சொல்கிறோம்.

நேர்கோட்டின் சமன்பாடு என்றதும் சூத்திரத்தைப் பலகையில் எழுதிப்போடும் வழக்கம் அவருக்கு இல்லை. முதலில் மலைப்பாதைதான் வரும். கிடையாக எவ்வளவு போனாய், அதற்குள் எவ்வளவு ஏறினாய், ஏறியதைப் போனதால் வகு, அதுதான் சாய்வு. சாய்வும், கோடு போகும் ஒரு புள்ளியும் தெரிந்தால் சமன்பாடு கைக்கு வந்துவிடும். அதற்குச் செங்குத்தான கோடு வேண்டுமென்றால் சாய்வைத் தலைகீழாக்கிக் குறியை மாற்று. 2/3 என்பது -3/2 ஆகும், இரண்டையும் பெருக்கினால் -1 வரும். இவ்வளவும் சொல்லிவிட்டுச் சாக்பீஸால் பலகையைத் தட்டுவார். "நட்டுக்கினு நிக்கிற கோட்டுக்கு சாய்வே கெடையாது. இல்லாதத எப்டிப் பெருக்குவ? அங்க படம் போட்டுப் பாரு." இந்த எச்சரிக்கையைச் சொல்லாமல் அவர் அந்தப் பாடத்தை முடித்ததே இல்லை.

சென்ற ஆண்டுத் திருப்புதல் தேர்வில் அந்த இடத்திலேயே ஒரு கேள்வி வந்தது. (3, 2), (3, 7) வழியாகப் போகும் கோடும், (1, 4), (6, 4) வழியாகப் போகும் கோடும் செங்குத்தா? பத்தாம் வகுப்பு அஞ்சலை படம் போட்டாள். முதற்கோடு x = 3, இரண்டாவது y = 4, இரண்டும் (3, 4) என்ற புள்ளியில் செங்கோணமாக வெட்டுகின்றன, ஆகவே செங்குத்து என்று எழுதினாள். மேலே, கல்வி அலுவலகத்திலிருந்து வந்த விடைக்குறிப்போ வேறு பாடியது. முதற்கோட்டின் சாய்வை வரையறுக்க இயலாதாம், மற்றதன் சாய்வு பூச்சியமாம், பெருக்கினால் -1 வராதாம், ஆகவே செங்குத்து அல்லவாம்! நிமிர்ந்த கோடும் படுத்த கோடும் செங்குத்தில்லை என்றால், இதைத் தயாரித்த பெரியவர்கள் தங்கள் வீட்டுக் கதவை எப்படித்தான் சாத்துகிறார்கள்?

டீச்சர் விடைக்குறிப்பை மூடி வைத்துவிட்டு அந்த விடைக்கு இரண்டு மதிப்பெண் இட்டார். அதோடு அஞ்சலைக்கு முப்பத்தைந்து, தேர்ச்சி. மறுபார்வைக்கு வந்தவர்கள் அதைச் சிவப்பு மையால் அடித்து முப்பத்துமூன்றாக்கினார்கள். தேறாத பிள்ளைகளின் பெற்றோரை வரவழைத்து, அரசுத் தேர்வு எழுத வேண்டாம் என்று சொல்லும்படி வாய்மொழியாக உத்தரவும் வந்தது. எழுத்தில் தர யாருக்கும் துணிச்சல் இல்லை. பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு பளபளக்க வேண்டும், அதற்கு ஒரு பெண் வெளியே போக வேண்டும்.

அஞ்சலையின் தகப்பனார் ஆதிமூலம் வந்து நின்றார். "பெயிலாவப் போற பொண்ண இன்னாத்துக்குங்க படிக்க வெக்கிறது? மரவள்ளி புடுங்க ஆளில்ல, டீசியக் குடுத்துடுங்க."

"ஒங்க பொண்ணு சரியாத்தான் எழுதிக்கிது. தப்பு எழுதினவங்க ஆபீஸ்ல இருக்காங்க. டீசி கெடையாது, போயி வேலயப் பாருங்க" என்றார் டீச்சர்.

பக்கத்தில் நின்ற அஞ்சலை, "ரெண்டும் கொத்தனார் மூலமட்டம் வெச்சாப்ல நிக்குது டீச்சர், இல்லன்றாங்களே" என்றாள். அந்தச் சொல்தான் டீச்சரைத் தூங்கவிடவில்லை. மதிப்பெண் போனால் போகட்டும், கண்ணால் கண்ட உண்மையை இந்தப் பெண் சந்தேகிக்கத் தொடங்கினால் இத்தனை காலம் கற்பித்ததெல்லாம் எதற்கு என்று எங்களிடம் கேட்டார். மறுநாளே வரைபடத்தாளில் இரு கோடுகளையும் வரைந்து அலுவலகத்துக்கு அனுப்பினார். பதிலாக வந்தது மெமோ. விடைக்குறிப்பை மீறியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

விடைக்குறிப்புக் குழுவின் தலைவர் திரு. தெய்வசிகாமணி தொலைபேசியிலும் அழைத்தார். "இன்னாங்க மேடம், ரெண்டு மார்க்குக்குப் போயி! தெரியாம போட்டுட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, மெமோவ கேன்சல் பண்ணிடலாம். ரிட்டயர் ஆவப் போறீங்க, நிம்மதியாப் போங்க."

"தெரிஞ்சிதாங்க சார் போட்டேன். ஆன்சர் கீ தப்புன்னு நீங்க ஒரு வரி எழுதுங்க, நிம்மதியாப் போறேன்."

அவர் எழுதவில்லை, இவரும் எழுதவில்லை. அஞ்சலை அரசுத் தேர்வு எழுதித் தேறினாள். டீச்சரின் பணிப்பதிவேட்டில் மட்டும் 'கண்டனம்' என்ற சொல் ஏறியது, இன்றுவரை இறங்கவில்லை. அந்தச் சொல்லோடுதான் அவரை வீட்டுக்கு அனுப்புகிறோம். முன்வரிசையில் பொன்னாடையோடு காத்திருக்கும் தெய்வசிகாமணி ஐயா அவர்களே, அதைப் போர்த்துவதற்கு முன் இந்த மடலைக் கடைசிவரை கேளுங்கள்.

டீச்சர், இனி விடியலில் பேருந்துக்கு ஓடாமல், சூடாக ஒரு தேநீரை முழுதாகக் குடித்து, நோயின்றி, நெடுங்காலம், இதே கோபத்தோடு வாழ்க. பூவேலைப்பாடு போட வேண்டிய இடத்தில் x = 3, y = 4 என்ற இரு கோடுகளை வரைந்து இம்மடலுக்குச் சட்டம் போட்டிருக்கிறோம். மாட்டும்போது ஆணி கோணலானாலும் அவை செங்குத்துதான்.

கீழே கையொப்பமிடும் நாங்கள் ஒவ்வொருவரும் அஞ்சலையின் விடையைத் திருத்தி இரண்டுக்கு இரண்டு இட்டிருக்கிறோம். விடைக்குறிப்பை மீறியது தெரிந்தே செய்தது. மெமோக்களைப் பள்ளி முகவரிக்கே அனுப்பலாம், எவரும் வருத்தம் தெரிவித்து எழுத மாட்டோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர் தமிழ்வேந்தன் முதல் இரவுக் காவலர் தங்கதுரை வரை, பள்ளியில் பணியாற்றும் அனைவரும்